புது வீட்டின் மேல் ஊர் போடும் கட்டணம்

நகரத்தின் ஓரத்தில் ஐந்நூறு வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று எழுகிறது. மதில் சுவருக்குள் ஓடும் சாலை, குழாய், விளக்கு எல்லாவற்றையும் கட்டுமான நிறுவனமே போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் அந்த ஐந்நூறு குடும்பங்களின் வண்டிகள் ஏறப்போவது ஊர்ச் சாலையில். அவர்கள் பிள்ளைகள் சேரப்போவது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அவர்கள் வீட்டுக் கழிவுநீர் போய்ச் சேர வேண்டியது ஊரின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. இவற்றை விரிவாக்கும் செலவை யார் ஏற்பது? இத்தனை காலம் வரி கட்டி அந்த வசதிகளை உருவாக்கிய பழைய குடிகளா, புதிதாகக் குடிவருகிறவர்களா, வயலை மனையாக விற்றவரா, கட்டி விற்கும் பில்டரா?

இதற்கு விடையாகப் பல நாடுகள் புதுக் கட்டுமானத்தின் மேல் ஒருமுறைக் கட்டணம் விதிக்கின்றன. அமெரிக்காவில் அது 'தாக்கக் கட்டணம்'. இங்கிலாந்தில் 'சமூக உள்கட்டமைப்பு வரி'. தமிழ்நாட்டில் திட்ட அனுமதியோடு வாங்கப்படும் 'உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணம்' இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் கட்டணம் நியாயமானதா, எவ்வளவு வாங்கலாம், யார் தலையில் விடிகிறது, வாங்கிய பணம் என்ன ஆகிறது என்ற நான்கு கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. முதல் மூன்றைப் பற்றி நிறைய விவாதம் நடந்திருக்கிறது. நான்காவது கேள்விக்கான பதிலே மற்ற மூன்றையும் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு.

கட்டணம் வந்த வழி

அமெரிக்காவில் இது நிலமாகத்தான் தொடங்கியது. மனைப்பிரிவு போடுகிறவர் உள்சாலைகளுக்கான இடத்தை ஊருக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற விதி முதலில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் வேகமாகப் பெருகியபோது, பூங்காவுக்கும் பள்ளிக்கும் இடம் கேட்டார்கள். மனைப்பிரிவு சிறியதாக இருந்தால் அதில் பூங்காவுக்கு ஏது இடம்? அப்போது இடத்துக்குப் பதில் பணம் என்ற ஏற்பாடு வந்தது. கலிபோர்னியாவின் 1965ஆம் ஆண்டு குவிம்பி சட்டம் பூங்காக்களுக்கு இந்த இரண்டு வழிகளையும் திறந்துவிட்டது.

அடுத்த கட்டம் மனைப்பிரிவின் எல்லைக்கு வெளியே இருக்கும் வசதிகளுக்கும் பணம் வாங்குவது. ஃபுளோரிடாவின் டனீடின் நகரம் புதிய குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்கு இப்படிக் கட்டணம் விதித்தது. கட்டுமானக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், புதிய வீடுகளால் தேவைப்படும் விரிவாக்கத்தின் செலவைப் புதிய வீடுகளிடம் வாங்கும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் டனீடின் விதித்த கட்டணம் செல்லாது என்றது. வசூலான பணத்தை அந்த விரிவாக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு நகரத்தின் விதியில் இல்லை என்பதே காரணம். இந்தத் துறையின் ஆரம்பகாலத் தீர்ப்புகளில் ஒன்றிலேயே பணத்தின் போக்கிடம் மையக் கேள்வியாகிவிட்டது.

கட்டணங்களைப் பெருக வைத்தது கலிபோர்னியாவில் 1978 ஜூனில் நடந்த வாக்கெடுப்பு. அதில் நிறைவேறிய 'முன்மொழிவு 13' சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மட்டுப்படுத்தியது. வீடு கைமாறாத வரை மதிப்பை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாது என்றும் விதித்தது. நீண்ட காலமாக ஒரே வீட்டில் இருப்பவர் கட்டும் வரி அப்படியே தேங்கி நிற்க, பக்கத்து வீட்டை நேற்று வாங்கியவர் பல மடங்கு கட்டும் நிலை வந்தது. நகரங்களின் கஜானா வற்றியது. பழைய வாக்காளர்களிடம் வரி கேட்க வழியில்லாத நகரங்கள் இன்னும் குடிவராதவர்களிடம் கட்டணம் கேட்கத் தொடங்கின. இன்னும் குடிவராதவருக்கு அந்த ஊரில் வாக்கு கிடையாது. இந்தக் கட்டணத்தின் அரசியல் வலிமையும் அறப் பலவீனமும் இந்த ஓர் உண்மையிலேயே இருக்கின்றன.

கணக்கு போடும் முறை

கணக்கு எளிதாகத் தோன்றும். ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்ட 60 கோடி ரூபாய் ஆகிறது, அது 12,000 வீடுகளுக்குப் போதும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 50,000 ரூபாய். ஆனால் அந்த நிலையம் கட்டப்படுவதற்கு ஒரு காரணம், ஊரில் ஏற்கெனவே 4,000 வீடுகள் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாமல் இருப்பது என்றால் என்ன செய்வது? அந்த 4,000 வீடுகளுக்கான 20 கோடியைப் புதிதாக வருகிறவர்கள் தலையில் கட்டக்கூடாது. அது ஊரின் பழைய கடன். பொது வரியிலிருந்தோ அரசு மானியத்திலிருந்தோதான் அதை அடைக்க வேண்டும். புது வீடுகள் தங்களால் உண்டாகும் கூடுதல் சுமைக்கு மட்டுமே கடன்பட்டவை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிலையத்துக்கு வாங்கிய கடனை நகராட்சி சொத்து வரியிலிருந்து இருபது ஆண்டுகள் அடைத்தால், புது வீட்டுக்காரர் கட்டணமாக ஒருமுறையும் வரியாக மறுமுறையும் ஒரே நிலையத்துக்குப் பணம் தருகிறார். நேர்மையான கணக்கு இந்த இரட்டைச் சுமையைக் கழித்துவிட வேண்டும். அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பலவற்றில் இதற்கு இடமுண்டு. நம் விதிகளில் இப்படிப்பட்ட கழிவு வழக்கத்தில் இல்லை.

மூன்றாவது, எதை அளவுகோலாகக் கொள்வது. வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் சின்ன ஃபிளாட்டும் பெரிய பங்களாவும் ஒரே தொகை கட்ட வேண்டிவரும். அப்போது சின்ன வீடு கட்டுவது கட்டுப்படியாகாமல் போகும். இதனால் கலிபோர்னியா 2021இல் ஏபி 602 என்ற சட்டத்தின் மூலம் குடியிருப்புக் கட்டணங்களைப் பரப்பளவுக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும் என்ற நெறியைக் கொண்டுவந்தது. இருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டும் 750 சதுர அடிக்குக் குறைவான துணை வீடுகளுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு கொடுத்திருந்தது.

நீதிமன்றங்கள் போட்ட கோடு

அனுமதி கொடுக்கும் அதிகாரம் கையில் இருப்பவர் அதைக் காட்டி எதை வேண்டுமானாலும் கேட்கலாமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்கு வழக்குகளில் இதற்கு எல்லை வகுத்தது.

1987ஆம் ஆண்டு நோலன் வழக்கில், கடற்கரை வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்ட அனுமதி கேட்டவர்களிடம், கடலை ஒட்டிய தங்கள் மணல் பகுதியில் பொதுமக்கள் நடந்துபோக உரிமை தர வேண்டும் என்று கலிபோர்னியா கடலோர ஆணையம் நிபந்தனை போட்டது. புது வீடு சாலையிலிருந்து கடல் தெரிவதை மறைக்கிறது என்பது ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. காரணத்துக்கும் நிபந்தனைக்கும் அவசியமான தொடர்பு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. 1994ஆம் ஆண்டு டோலன் வழக்கு ஓரிகன் மாநிலத்தின் டைகார்ட் நகரத்தில் எழுந்தது. கடையை விரிவாக்க அனுமதி கேட்டவரிடம், ஓடையை ஒட்டிய வெள்ளப் பகுதியையும் மிதிவண்டிப் பாதைக்கான இடத்தையும் நகரம் கேட்டது. தொடர்பு இருந்தால் மட்டும் போதாது, கேட்பதற்கும் உண்டாகும் தாக்கத்துக்கும் தோராயமான விகிதப் பொருத்தமாவது இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நிலத்துக்குச் சொன்ன இந்த விதி பணத்துக்கும் பொருந்தும் என்று 2013இல் கூன்ட்ஸ் வழக்கு உறுதி செய்தது.

நான்காவது வழக்கு கலிபோர்னியாவின் எல் டொராடோ கவுண்டியில் நடந்தது. தன் நிலத்தில் தொழிற்சாலையில் தயாரான சிறு வீடு ஒன்றை நிறுத்த வந்தவரிடம் சாலைப் போக்குவரத்துக்கென்று 23,420 டாலர் கட்டச் சொன்னார்கள். அந்தத் தொகை அவர் வீட்டால் எத்தனை வண்டிகள் கூடும் என்று பார்த்துப் போட்டதல்ல. இன்ன வட்டாரம், இன்ன வகைக் கட்டடம் என்றால் இவ்வளவு என்று அட்டவணையில் இருந்தது. கவுண்டி மன்றம் இயற்றிய பொது விதி என்பதால் நோலன், டோலன் சோதனைகள் இதற்குப் பொருந்தா என்று கவுண்டி வாதாடியது. 2024 ஏப்ரல் 12 அன்று நீதிபதிகள் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளினார்கள். அதேசமயம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டுமா என்பதை முடிவு செய்யாமல் விட்டார்கள். பல்லாயிரம் வீடுகளுக்குத் தனித்தனி ஆய்வு செய்ய எந்த உள்ளாட்சியாலும் முடியாது. அட்டவணை தேவைதான். அதன் பின்னால் நேர்மையான ஆய்வு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தியச் சட்டத்திலும் இந்தச் சிந்தனைக்கு வேர் உண்டு. அதுவும் சென்னையிலிருந்தே முளைத்த வேர். 1951ஆம் ஆண்டு சென்னை மாநில இந்து சமய அறநிலையச் சட்டத்தை எதிர்த்துச் சிரூர் மடம் தொடர்ந்த வழக்கில், 1954இல் உச்ச நீதிமன்றம் வரிக்கும் கட்டணத்துக்கும் வேறுபாடு வகுத்தது. வரி பொதுச் செலவுக்கானது. கட்டணம் செய்த சேவைக்கு ஈடானது. வசூலான பணம் தனியே வைக்கப்படாமல் அரசின் பொது நிதியில் கரைந்தால் அது கட்டணமாக நிற்காது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ரூபாய்க்கு ரூபாய் ஈடு காட்ட வேண்டியதில்லை என்று பின்வந்த தீர்ப்புகள் இதைத் தளர்த்தின. ஆனாலும் வாங்குவதற்கும் தருவதற்கும் பொதுவான ஒரு தொடர்பு வேண்டும் என்ற அடிப்படை அழியவில்லை.

யார் பையிலிருந்து போகிறது

பில்டர் கட்டுகிறார் என்பதால் பில்டர் தாங்குகிறார் என்று பொருளாகாது. வீட்டுக்கு அடிதடி நிலவும் ஊரில் அவர் அதை விலையில் ஏற்றிவிடுவார், வாங்குபவரே தாங்குவார். புது வீட்டின் விலை ஏறும்போது அருகிலுள்ள பழைய வீடுகளின் விலையும் கூடவே ஏறும். பழைய உரிமையாளர் எதுவும் செய்யாமலே லாபம் பார்ப்பார். வீடு வாங்க வழியில்லாத வாடகைக் குடும்பமும் இதில் நசுங்கும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. கட்டணம் எவ்வளவு என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தால், நிலம் வாங்கும்போதே பில்டர் அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுவார். அப்போது சுமை நிலத்தின் சொந்தக்காரர் பக்கம் நகரும். ஊர் வளர்வதாலேயே ஏறிய நிலமதிப்பில் ஒரு பங்கு ஊருக்குத் திரும்புவது நியாயமானதும்கூட. ஆகவே கட்டணம் திடீரென்று வரக்கூடாது, பேரம் பேசி மாறக்கூடாது. நிலம் கைமாறிய பிறகு உயர்த்தினால் அது நேராக வாங்குபவர் மேல் விழும்.

பெர்க்லியில் உள்ள டெர்னர் வீட்டுவசதி ஆய்வு மையம் 2018இல் கலிபோர்னியாவின் ஏழு நகரங்களை ஆராய்ந்தது. கட்டணங்கள் அங்கே நடுத்தர வீட்டு விலையில் 6 முதல் 18 விழுக்காடு வரை இருந்தன. ஃப்ரீமாண்ட் நகரில் தனி வீடு ஒன்றுக்கு ஏறக்குறைய 1,57,000 டாலர் வரை போனது. மொத்தம் எவ்வளவு வரும் என்று கட்டுகிறவரால் முன்கூட்டியே அறிய முடியாதபடி கட்டணங்கள் பல துறைகளில் சிதறிக் கிடந்தன என்பதும் அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு.

வாங்கிய பணம் எங்கே

கலிபோர்னியாவில் 1989 முதல் நடப்பில் உள்ள தணிப்புக் கட்டணச் சட்டம் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, செலவாகாமல் இருக்கும் பணம் எதற்காக, எப்போது செலவாகும் என்று நகரம் எழுத்தில் விளக்க வேண்டும். தவறினால் பணம் திரும்ப வேண்டும், அதுவும் இப்போது அந்த வீடுகளின் உரிமையாளர்களாக இருப்பவர்களுக்கு.

சான் கிளெமென்டி என்ற கடலோர நகரத்தில் இந்த விதி சோதனைக்கு வந்தது. உள்பகுதியில் எழும் புது வீடுகளால் கடற்கரையில் வண்டி நிறுத்த இடம் போதாமல் போகும் என்று சொல்லி, 1989இல் வீட்டுக்கு 1,500 டாலர் கட்டணத்தை நகரம் விதித்தது. இருபது ஆண்டுகளில் சேர்ந்தது ஏறக்குறைய ஒரு கோடி டாலர். அதில் நகரம் செய்த செலவு மூன்றரை லட்சம் டாலருக்கும் குறைவு. ஒரு காலி மனை வாங்கப்பட்டது. அதிலும் வாகன நிறுத்தம் கட்டப்படவில்லை. ஐந்தாண்டு விளக்கத்தில், இன்னும் ஆராய்ந்து வருகிறோம் என்ற பொருளில்தான் நகரம் எழுதியது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுமார் 1.05 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது.

கட்டணம் வாங்கியது தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டே இருந்தது தவறு என்றது. சட்டம் உள்ளாட்சிக்குக் காலக்கெடு வைத்ததால்தான் மக்களால் கேட்க முடிந்தது.

இங்கிலாந்து எடுத்த வழி

இங்கிலாந்து 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் வளர்ச்சியால் ஏறும் நிலமதிப்பு முழுவதையும் அரசே எடுத்துக்கொள்ள முயன்றது. நிலம் விற்க ஆள் வராததால் சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டது. பிறகு, ஒவ்வொரு திட்டத்துக்கும் உள்ளாட்சியும் பில்டரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடும் முறை வளர்ந்தது. 1990ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் வருவதால் அந்தப் பிரிவையே அதன் பெயராகச் சொல்வார்கள். குறைந்த விலை வீடுகளுக்கான பங்கு பெரும்பாலும் இதன் வழியாகத்தான் கிடைக்கிறது. ஆனால் லாபம் போதாது என்று கணக்குக் காட்டி ஒப்புக்கொண்டதைக் குறைத்துக்கொள்ளும் பழக்கமும் இதில் வேரூன்றியது.

அதனால் 2010 முதல் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற சமூக உள்கட்டமைப்பு வரி வந்தது. லண்டன் மேயர் 2012 முதல் கிராஸ்ரெயில் ரயில் பாதைக்காக இதை வசூலித்தார். அந்தப் பாதை இன்று எலிசபெத் லைன் என்ற பெயரில் ஓடுகிறது. இந்த வரியில் 15 விழுக்காடு கட்டுமானம் நடக்கும் வட்டாரத்துக்கே ஒதுக்கப்பட வேண்டும். வட்டார மக்கள் தங்களுக்கென்று திட்டம் வகுத்து வாக்கெடுப்பில் நிறைவேற்றியிருந்தால் அது 25 விழுக்காடு. பக்கத்தில் கட்டடம் எழுவதை எதிர்த்து நிற்கும் மக்களுக்கு, அதனால் தங்கள் தெருவுக்கு வரும் நன்மை கண்ணில் பட இந்த ஏற்பாடு உதவுகிறது.

சென்னையில் நிலைமை

சென்னையில் ஒரு கட்டடத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அனுப்பும் கேட்புக் கடிதத்தில் கட்டணங்கள் வரிசையாக இருக்கும். நிலத்துக்கும் கட்டடத்துக்குமான மேம்பாட்டுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம், திறந்தவெளி ஒதுக்கீட்டுக்கான கட்டணம், காப்புத் தொகை, உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணம், குடிநீர் வாரியத்துக்கான தனிக் கட்டணம், கூடுதல் தளப்பரப்பு வாங்கினால் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் என்று பட்டியல் நீளும். 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் அதில் பின்னால் சேர்ந்த திருத்தங்களும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. அடிப்படை வசதிகள் கட்டணத்துக்கான விதிகள் 2008இல் வந்தன.

நிலமாக வாங்கும் ஏற்பாடும் நம்மிடம் வலுவாகவே இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடமாகவோ வழிகாட்டி மதிப்பின்படி பணமாகவோ தரலாம். இழப்பீடு இல்லாமல் நிலத்தை எழுதி வாங்குவது செல்லுமா என்ற வழக்கில், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வசந்த் அபார்ட்மென்ட்ஸ் தீர்ப்பின் மூலம் இந்த விதியை உறுதி செய்தது. நெரிசலான நகரத்துக்கு இது பெரிய பாதுகாப்பு. அப்படிப் பெற்ற இடங்களை வேலி போட்டுப் பூங்காவாக்காமல் விட்டால், தீர்ப்பு காப்பாற்றியதை அலட்சியம் தொலைத்துவிடும்.

பிரச்சினை பணத்தில்தான். அடிப்படை வசதிகள் கட்டணம் மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. மாநில அளவிலான குழு ஒப்புதல் தரும் திட்டங்களுக்குப் போகிறது. சென்னையின் தெற்குப் புறநகர்களான பெரும்பாக்கத்திலோ நாவலூரிலோ ஃபிளாட் வாங்கியவர் விலையோடு சேர்த்துக் கட்டிய தொகை பெரும்பாக்கத்துக்கோ நாவலூருக்கோ வந்தது என்று காட்டும் கணக்கு அவர் கைக்குக் கிடைப்பதில்லை. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்கள் பல, குடியேறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் தண்ணீர் லாரியை நம்பித்தான் வாழ்ந்து வந்திருக்கின்றன. குடிநீருக்கென்று முன்கூட்டியே கட்டணம் கட்டிய குடும்பம், மாதந்தோறும் பராமரிப்புக் கணக்கில் லாரித் தண்ணீருக்கும் கழிவுநீரை அள்ளிச் செல்லும் லாரிக்கும் பணம் தருகிறது. ஒரே வசதிக்கு இருமுறை விலை கொடுப்பது இதுதான்.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் வீடுகள் முன்னே வந்துவிட்டன. பாதாளச் சாக்கடை இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. 2022இல் பெருநகரத் திட்டப் பரப்பு 1,189இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது, இதே கதை அரக்கோணம் வரை நீளும் வாய்ப்பும் கூடவே வந்தது.

இதைவிடக் கசப்பான உண்மை அங்கீகாரமில்லாத மனைகள். பூங்காவுக்கு இடம் விடாமலும் போதிய அகலத்தில் சாலை விடாமலும் போட்ட மனைப்பிரிவுகள் மாநிலம் முழுவதும் பல்லாண்டுகளாக விற்கப்பட்டன. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ள வழி செய்தன. மனை வாங்கியவர்களில் பெரும்பாலோர் சேமிப்பைப் போட்ட நடுத்தரக் குடும்பங்கள் என்பதால் இந்த வழி தேவைப்பட்டது. ஆனால் இருபதடிச் சாலையை முப்பதடியாக்க எந்தக் கட்டணத்தாலும் முடியாது. நிலம் போன பிறகு பணம் அதற்கு ஈடாகாது. ஆரம்பத்தில் இடமாக வாங்க வேண்டியதை இடமாகவே வாங்கியாக வேண்டும்.

மாற்று வழிகளும் அவற்றின் எல்லையும்

கட்டணமே வேண்டாம், வசதி தயாரான பிறகே வீட்டுக்கு அனுமதி என்றால்? நியூயார்க் மாநிலத்தின் ராமபோ நகரம் சாக்கடை, வடிகால், பூங்கா, சாலை, தீயணைப்பு நிலையம் இவற்றின் அருகாமைக்குப் புள்ளிகள் போட்டு, போதிய புள்ளி உள்ள மனைக்கே அனுமதி தந்தது. சில நிலங்கள் 18 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம் என்ற அந்தத் திட்டத்தை 1972இல் நீதிமன்றம் ஏற்றது. ஃபுளோரிடா 1985 முதல் மாநிலம் முழுவதும் இதைப் போன்ற விதியை வைத்தது. 2011இல் சாலை, பள்ளி, பூங்கா மூன்றுக்கும் அதன் கட்டாயத்தை நீக்கியது. வசதி கட்ட அரசிடம் பணம் இல்லாதபோது இந்த விதி வீடு கட்டுவதையே தடுத்துவிடும் என்பது இதன் பலவீனம்.

எல்லோரிடமும் சொத்து வரியாக வாங்குவது அதைவிட நேர்மையான வழி. ஆனால் சென்னையில் 1998க்குப் பிறகு நிலைத்த சொத்து வரி உயர்வு 2022இல்தான் வந்தது. அந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் தேங்கிய வருமானத்தை ஏதாவது ஒரு வழியில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. பழையவர்களிடம் கேட்கத் தயங்கும் உள்ளாட்சி புதியவர்களிடம் கேட்பது கலிபோர்னியாவுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. கூடுதல் தளப்பரப்பைக் காசுக்கு விற்பதிலும் எச்சரிக்கை தேவை. அது வருமானம் தருகிறது, அதே வேளையில் அந்தத் தெருவின் சுமையையும் கூட்டுகிறது. அந்தப் பணம் அந்தத் தெருவுக்குத் திரும்பாவிட்டால் நெரிசலை விலைக்கு விற்றதாகவே முடியும்.

செய்ய வேண்டியவை

புது வீடு தான் உண்டாக்கும் சுமைக்குப் பங்களிப்பது நியாயமே. பழைய குடிகள் முழுச் செலவையும் தாங்க வேண்டும் என்பதும், புதியவர்கள் ஊரின் பழைய கடனையெல்லாம் அடைக்க வேண்டும் என்பதும் ஒரே அளவு அநியாயம். இந்த இரண்டுக்கும் நடுவில் கட்டணம் நிற்க வேண்டுமானால் சில விதிகள் வேண்டும்.

கட்டணத்தைப் பரப்பளவுக்கு ஏற்ப வாங்க வேண்டும். சின்ன வீடுகளுக்குச் சலுகை தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் ஒரே அட்டவணையில் முன்கூட்டியே வெளியிட வேண்டும். பணத்தை அனுமதியின்போது முழுவதும் பிடுங்காமல், கட்டி முடித்த சான்றிதழோடு சேர்த்து வாங்கலாம். 2024இல் கலிபோர்னியா எஸ்பி 937 சட்டத்தின் மூலம் இந்த வழிக்கு வந்திருக்கிறது. வட்டி மிச்சமாகும், அதில் ஒரு பங்காவது வீட்டின் விலையைக் குறைக்கும். வசூலில் ஒரு நிச்சயப் பங்கைக் கட்டடம் எழுந்த மண்டலத்துக்கே ஒதுக்கி, மண்டல வாரியாகக் கணக்கை ஆண்டுதோறும் இணையத்தில் போட வேண்டும். ஐந்தாண்டுக்குள் எந்த வசதிக்காக வாங்கினோமோ அதற்குச் செலவிடவில்லை என்றால், காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் திருப்பித் தர வேண்டும். சொத்து வரியை ஆண்டுக்கு ஆண்டு சிறிதளவு உயர்த்தி, பழைய பற்றாக்குறையை எல்லோரும் சேர்ந்து அடைக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய தத்துவம் தேவையில்லை. டனீடின் வழக்கில் 1976இலும் சிரூர் மடம் வழக்கில் 1954இலும் நீதிமன்றங்கள் கேட்டது, வாங்கிய பணம் வாங்கிய காரியத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான். நாவலூரில் ஃபிளாட் வாங்கும் குடும்பம் கேட்கும் உரிமையுள்ள கேள்வியும் அதுவே. அதற்குக் கணக்கு காட்டத் தயாராக இருக்கும் உள்ளாட்சிக்குக் கட்டணம் வாங்கும் தகுதி உண்டு. கணக்கு காட்டாத வரை, அது வாங்குவது வீடு தேடி வந்தவரின் தலையில் போட்ட இன்னொரு வரிதான்.